அழுததா, அசைந்ததா?



நேபாளத்தில் ஒரு மலைக் கிராமம். கையில் வினாத்தாளோடு ஒரு பெண் வீடு வீடாகப் போகிறார். ஒரு வாசலில் உட்கார்ந்து அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்கிறார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள்? உங்களோடு இருப்பவர்கள் எத்தனை பேர்? வெளியூரில் இருப்பவர்கள்? உயிரோடு பிறந்து பிறகு தவறிப்போன பிள்ளை உண்டா? "இல்லை" என்று பதில் வந்தாலும் அவர் அத்தோடு விடுவதில்லை. பிறந்ததும் ஒரு தரம் அழுத குழந்தை, கொஞ்சம் அசைந்த குழந்தை, மூச்சு விட முயன்ற குழந்தை, சற்று நேரமே இருந்திருந்தாலும் சரி, அப்படி ஏதாவது உண்டா?

நேபாளத்தில் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் பதினோராம் நாள்தான் பெயர் சூட்டுகிறார்கள். 'நுவாரன்' என்பது அந்தச் சடங்கின் பெயர். அதற்கு முன்பே போய்விட்ட குழந்தைக்குப் பெயர் கிடையாது, பதிவேட்டிலும் பெரும்பாலும் இடம் கிடையாது. கேட்டால் ஒழிய அந்தக் குழந்தை வந்து போனது வெளியே தெரியாது. அதற்காகத்தான் அந்தக் கடைசிக் கேள்வி.

1996-இலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை அந்த நாட்டில் மக்கள்தொகை, சுகாதார ஆய்வு நடந்துவருகிறது. செய்தித்தாளில் நாம் படிக்கும் அந்த நாட்டுக் குழந்தை இறப்பு விகிதமெல்லாம் இப்படி வாசலில் உட்கார்ந்து கேட்டு வாங்கிய பதில்களின் கூட்டல்தான். அந்தப் பதில்களைச் சொன்ன பெண்களை மனத்தில் வைத்துக்கொண்டே இன்றைய கணக்கைப் பார்ப்போம்.

1996 ஆய்வின்படி நேபாளத்தில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 118 குழந்தைகள் ஐந்து வயதைத் தொடவில்லை. 2006-இல் அது 61. 2022-இல் 33. இடையில் 1996 முதல் 2006 வரை அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். பாலங்கள் தகர்ந்தன, அரசு அலுவலகங்கள் எரிந்தன. அந்தப் பத்தாண்டில்தான் குழந்தை இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

எப்படி நடந்தது? காரணங்கள் பல. தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், பெண் கல்வி, பிள்ளைப்பேற்றுக்கு இடையே இடைவெளி எல்லாம் சேரும். ஆனால் நான் ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நேபாளத்தின் தெற்கே, பீகார் எல்லையை ஒட்டி சர்லாஹி என்ற மாவட்டம் இருக்கிறது. சமவெளி, வயல்காடு. 1980-களின் இறுதியில் அங்கே 28,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை, சில வார்டுகளின் குழந்தைகளுக்கு அதிக அளவு வைட்டமின் ஏ. மற்ற வார்டுகளில் மிகச் சிறிய அளவு. இரண்டு ஆண்டுகள் நடத்தத் திட்டம். ஓராண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருக்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது. அதுவரை மாலைக்கண் நோய்க்கான மருந்தாகப் பலர் நினைத்திருந்த சத்து, உயிர் காக்கும் மருந்தென்று தெளிவானது. முடிவுகள் 1991-இல் வெளிவந்தன. 1993-இல் அரசு வைட்டமின் ஏ கொடுப்பதைச் சில மாவட்டங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் கொண்டுபோனது.

கொண்டுபோனவர்கள் யார்? அந்தந்த ஊரின் பெண்களே. 1988-இல் நேபாள அரசு மகளிர் சமூக சுகாதாரத் தொண்டர்கள் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. இன்று அவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். குடியானவர் வீட்டுப் பெண்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், தொடக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, நம் கணக்கில் சித்திரையிலும் ஐப்பசியிலும், ஊர்க் குழந்தைகளை ஓரிடத்தில் கூட்டி, மாத்திரை உறையின் முனையைக் கத்தரியால் வெட்டி வாயில் பிழிந்துவிடுவார்கள். வராத குழந்தையின் வீட்டைத் தேடிப் போவார்கள். யார் வீட்டில் குழந்தை இருக்கிறது, யார் மாசமாக இருக்கிறாள் என்று அவர்களுக்கு ஏட்டைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

பின்னாளில் இன்னொரு பொறுப்பும் அவர்களிடம் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு உதிரம் நிற்காமல் போவதுதான் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் முதன்மையானது. மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரை கருப்பையைச் சுருங்கச் செய்து அந்தப் போக்கைத் தடுக்கும். வீட்டிலேயே பிள்ளை பெற நேரிடும் பெண்ணுக்கு எட்டாம் மாதவாக்கில் மூன்று மாத்திரைகளைக் கொடுத்து, குழந்தை பிறந்தவுடன் விழுங்க வேண்டும், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லையென்று உறுதிசெய்துகொண்டுதான் விழுங்க வேண்டும் என்று சொல்லித்தருவது தொண்டரின் வேலை. அந்த மாத்திரைக்கு நேபாள மொழியில் வைத்த பெயருக்கே தாயைக் காக்கும் மாத்திரை என்றுதான் பொருள்.

அடுத்தது தொப்புள்கொடி. அதை அறுத்த இடத்தில் மஞ்சளும் கடுகெண்ணெயும் தடவுவது பல வீடுகளின் வழக்கம். சர்லாஹியிலேயே நடந்த மற்றோர் ஆய்வு, அந்த இடத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைப் பூசினால் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 24 சதவீதம் குறைகிறது என்று 2006-இல் காட்டியது. பூசுவது பழகிய கை, பூசும் பொருளை மட்டும் மாற்றச் சொன்னார்கள். அதனால் தாய்மாரும் பாட்டிமாரும் அதை ஏற்றுக்கொள்வது எளிதாயிற்று. களிம்பை நேபாளத்திலேயே தயாரித்தார்கள். அதன் பெயரில் 'நாபி' என்ற சொல் இருக்கிறது. நமக்கும் தெரிந்த சொல்தானே.

இவ்வளவு செய்த அந்தப் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. உடைக்கு ஒரு தொகை, பயிற்சி நாளுக்குப் படி, அவ்வளவுதான். ஒரு நாட்டின் குழந்தைகளைப் பிழைக்க வைத்த வேலைக்குச் சேவை என்று பெயர் சூட்டிவிட்டு ஊதியம் இல்லாமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். தொண்டு என்ற சொல் பெண்களின் உழைப்பு மீது மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக வந்து ஒட்டிக்கொள்கிறது?

இனி, மனத்தை உறுத்தும் எண்ணுக்கு வருகிறேன்.

பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் 1996-இல் ஆயிரத்துக்கு 50. 2016-இல் 21. பெரிய இறக்கம்தான். 2022-இல்? அதே 21. ஆறு ஆண்டுகளில் ஒரு புள்ளிகூட நகரவில்லை. அதே ஆறு ஆண்டுகளில் மருத்துவ நிலையத்தில் நடக்கும் பிரசவங்கள் 57 சதவீதத்திலிருந்து 79 சதவீதமாக உயர்ந்தன. 1996-இல் அது வெறும் 8 சதவீதம். பெண்கள் வந்தார்கள். அவர்களை வரவழைக்க அரசும் 'ஆமா' திட்டத்தின் கீழ் பிரசவத்தை இலவசமாக்கி வழிச்செலவுக்குப் பணம் தந்தது. 'ஆமா' என்றால் அம்மா. மலைமேல் இருப்பவளுக்கு அதிகம், குன்றுப் பகுதிக்கு அதைவிடக் குறைவு, சமவெளிக்கு இன்னும் குறைவு என்று தூரத்தையும் ஏற்றத்தையும் பார்த்துப் பிரித்த தொகை அது. இத்தனைக்குப் பிறகும் குழந்தையின் முதல் மாதம் மாறவில்லை. ஐந்து வயதுக்குள் நேரும் இறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு இப்போது அந்த முதல் மாதத்தில்தான் நேர்கிறது.

தாய்மாரின் கணக்கும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சேர்த்து, இறந்த பெண்களின் வீடுகளுக்கே போய் விசாரித்தார்கள். ஒரு லட்சம் பிறப்புக்கு 151 தாய்மார் இறக்கிறார்கள் என்று தெரிந்தது. 1996 ஆய்வு 539 என்று சொல்லியிருந்தது. இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்த கணக்குகள், நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் இறக்கம் உண்மை. அந்த 2021 விசாரணையில் எந்த இடத்தில் உயிர் போனது என்றும் கேட்டார்கள். வீட்டில் 26 சதவீதம். வழியில் 17 சதவீதம். மருத்துவ நிலையத்தில் 57 சதவீதம்.

இதைக் கேட்டு யாரும் வீட்டுப் பிரசவமே மேல் என்று நினைத்துவிட வேண்டாம். சிக்கல் முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடிவருவதால் அங்கே போய் உயிர் பிரிகிறது. போகலாமா என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேர்வதில் ஒரு தாமதம், சேர்ந்த இடத்தில் கவனிப்பு கிடைப்பதில் ஒரு தாமதம். பேறுகால மருத்துவத்தில் இருப்பவர்கள் இவற்றை மூன்று தாமதங்கள் என்பார்கள். முதல் இரண்டையும் நேபாளத்துப் பெண்கள் பெரும்பாடுபட்டுக் குறைத்துவிட்டார்கள். மூன்றாவது அவர்கள் கையில் இல்லை.

அது யார் கையில் இருக்கிறது என்று ஒரு பிரசவ அறைக்குள் போய்ப் பாருங்கள். குழந்தை பிறக்கிறது, அழவில்லை. துடைத்து முதுகைத் தேய்த்துப் பார்க்கிறார் செவிலியர், அப்போதும் மூச்சு வரவில்லை. 'ஆம்பு பை' என்று அவர்கள் சொல்லும் ரப்பர்ப் பையை எடுத்து, சின்ன முகமூடியைக் குழந்தையின் வாயும் மூக்கும் மூடும்படி பொருத்தி, ஒரு நிமிடத்துக்குள் காற்றை உள்ளே செலுத்தத் தொடங்க வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்தப் பை மேசைமேல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் இருந்தால் பயனில்லை. முகமூடி பச்சிளம் குழந்தைக்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும். அதைப் பிடித்துப் பழகிய கை நள்ளிரவிலும் பணியில் இருக்க வேண்டும். ஒரே செவிலியர் இருக்கும் நிலையத்தில் தாய்க்கு உதிரப் போக்கும் சேர்ந்துகொண்டால் அவர் யாரைப் பார்ப்பார்?

எடை குறைந்து, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைத்தால் குளிர் அண்டாது, பாலும் உடனே கிடைக்கும். அதற்குத் தாய் படுக்க ஒரு கட்டில் வேண்டும், சில நாட்களாவது அங்கே தங்க இடம் வேண்டும். பிரசவமான மறுநாளே படுக்கையைக் காலி செய்யச் சொன்னால், அவள் அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏற வேண்டியதுதான்.

2030-க்குள் பச்சிளம் குழந்தைகளின் இறப்பை ஆயிரத்துக்கு 12-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட இலக்கு. 21 எங்கே, 12 எங்கே. அடுத்த ஆய்வுக்கு வினாத்தாளோடு அந்த வாசல்களுக்கு மறுபடியும் ஆள் வருவார்கள். அழுததா, அசைந்ததா என்று மறுபடியும் கேட்பார்கள்.