எத்திரோ சொன்ன யோசனை



செப்டம்பர் 5 வந்தால் நாடே நம் திருத்தணிக்காரரை நினைக்கிறது. 1962 முதல் ராதாகிருஷ்ணன் பிறந்தநாள்தான் ஆசிரியர் தினம். அன்றைக்கு ஆசிரியர்களாகிய உங்களுக்குச் சால்வை போடுவோம். மறுநாள் வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்புவோம்!

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ராதாகிருஷ்ணனுக்குத் தத்துவம் நடத்தியவர் ஏ. ஜி. ஹாக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற கிறிஸ்தவர்களுக்கு மறுமொழியாக மாணவர் தம் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார். வாத்தியார் கோபித்துக்கொள்வாரோ என்று உள்ளூர பயம். ஹாக்கோ பாராட்டிச் சான்று கொடுத்தார். 1908இல் அது புத்தகமாகவும் வந்தது. தன் சமயத்தாரை மறுக்கிற எழுத்தைப் பொறுமையாகப் படித்து, நன்று என்று சொல்ல எத்தனை தெளிந்த மனசு வேண்டும்!

அந்த மனசுக்கு வேண்டிய தெம்பை உங்களிடம் மிச்சம் வைத்திருக்கிறோமா? ராத்திரி பத்து மணிக்கு ஒரு டீச்சர் செல்போனைச் சார்ஜரில் செருகியபடி எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நின்றுவிடுகிறது. பக்கத்தில் திருத்தாத கட்டுரை நோட்டுகள். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு வந்து தமிழில் முதல் பத்தி எழுதிய பிள்ளையின் நோட்டும் அதில் இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. சட்டத்தைச் சொல்லிவிட்டேன்; சிரிக்காதீர்கள்.

இனி வேதத்துக்கு வருகிறேன். யாத்திராகமம் 18ஆம் அதிகாரம். மோசே காலை முதல் மாலை வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்க்கிறார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, "இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணு" என்று சொல்லவில்லை. நீயும் தளர்ந்துபோவாய், ஜனமும் தளர்ந்துபோகும், வேலையைப் பிரித்துக்கொடு என்கிறார். மருமகன் மாமனார் பேச்சைக் கேட்டார். அது தனி அற்புதம்!

எலியா தீர்க்கதரிசி சோர்ந்து சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாகக் கேட்டபோதும் பாருங்கள். தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார். ஏன் தூங்குகிறாய் என்று யாரும் திட்டவில்லை.

ஆனால் நம் சபைகளில் என்ன நடக்கிறது? வாரம் முழுக்க ஓடிய டீச்சரிடமே ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழு, கிறிஸ்துமஸ் நாடகம், எல்லாம். "டீச்சர்தானே, நல்லா பண்ணுவாங்க!" இது ஊழியம் இல்லை ஐயா, சுரண்டல். டீச்சர்மாரே, இந்த வருஷம் முடியாது என்று சொல்லுங்கள். அதற்காக ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள், வங்கிக்காரர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லித்தர, ஞாயிறு வகுப்பெடுக்க ஆள் வேண்டும். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரும் எந்தக் கிழமை வர முடியும் என்பதும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஆசிரியர்களே, நீங்கள் அதில் எழுதக் கூடாது. நீங்கள் நேரே பந்திக்குப் போகலாம்.