கணினிப் பாடத்தைத் திருத்தியோரும் அதற்குப் பொருள் உதவியோரும்

(கல்வி நிதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக்குக் கொடுப்பது என்றதும் கட்டடமும் கருவியுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாடம் நடத்தும் முறையைத் திருத்துவதற்கென்றே பொருள் கொடுத்தோரும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளின் கணினிப் படிப்பில் நிகழ்ந்த அச்செய்தியை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-ஆம் ஆண்டு கணினி அறிவியலில் சேர்ந்தோரில் பெண்கள் 7 விழுக்காட்டினரே. இதன் காரணத்தை ஆராய ஸ்லோன் அறக்கட்டளை பொருள் உதவி செய்தது. ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகிய இருவரும் மாணவ மாணவியரை ஆண்டுக்கணக்கில் சந்தித்துக் கேட்டறிந்தனர். சிறுவயது முதலே கணினியோடு பழகி வந்தவர்களைக் கண்டு, அப்பழக்கம் இல்லாதோர் தமக்குத் தகுதியே இல்லை என மனம் தளர்ந்திருந்தனர். முன்பழக்கம் வேறு, ஆற்றல் வேறு அன்றோ! பல்கலைக்கழகம் சேர்க்கையில் முன்பழக்கத்திற்கு அளித்த முதன்மையைக் கைவிட்டது; முதற்பாடத்தை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்தது. 2000-ஆம் ஆண்டில் பெண்கள் 42 விழுக்காடாயினர். (மதரஸாவில் நஹ்வு ஓதியோருக்கு இது எளிதில் விளங்கும். அரபு இலக்கணம் சிறிது அறிந்து வந்த பிள்ளையின் அருகே அமர்ந்த புதிய பிள்ளையின் முகத்தை நாம் பார்த்திருக்கிறோம்.)

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்தது வேறு வகை. 1999 முதல் அங்கே எல்லா மாணவர்க்கும் கணினிப் பாடம் கட்டாயம். ஆயினும் கலை, கட்டடக்கலை, மேலாண்மை பயின்றோரில் பாதிப் பேர் கூட அதில் தேறவில்லை. பேராசிரியர் மார்க் கஸ்டியல், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியத்தோடு 2003-இல் வேறொரு பாடத்தை வகுத்தார். எண்களைக் கூட்டிக் காட்டும் நிரல்களுக்கு மாறாக, நிழற்படத்தில் சிவப்பைக் குறைக்கவும், ஒலியைப் பின்னிருந்து முன்னாக ஒலிக்கச் செய்யவும் மாணவர் நிரல் எழுதினர். ஒரு கட்டளையை ஒவ்வொரு புள்ளிக்கும் திரும்பத் திரும்பச் செய்விக்கும் அடிப்படை அதே அடிப்படைதான். தேர்ச்சியோ ஏறத்தாழ 85 விழுக்காடாயிற்று. பாடம் எளிதாக்கப்பட்டது என்று சிலர் குறை கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

இதற்கிடையே இணைய நிறுவனங்கள் சரிந்தன. 2000 முதல் 2004 வரை, கணினி அறிவியலைத் தேர்ந்தெடுக்க விரும்பிய புதிய மாணவர் விகிதம் 60 விழுக்காட்டிற்கு மேல் வீழ்ந்தது. ஆகவே அதே அறிவியல் அறக்கட்டளை, இளநிலைக் கணினிக் கல்வியைப் புதுப்பிக்க 'சிபாத்' என்னும் தனித் திட்டத்தைத் தொடங்கி, 2007 முதல் கல்லூரிகளுக்கு மானியம் வழங்கிற்று. கருவி வாங்க அன்று. பாடத்திட்டத்தை மாற்றவும், பல கல்லூரி ஆசிரியர்கள் கூடி ஆலோசிக்கவும். இவ்வகைச் செலவுக்குத் திறப்பு விழா கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஆதலால் கொடுப்போர் அரிது.

அத்திட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே, பள்ளிக் கல்வியையும் உள்ளடக்கிய வேறொரு திட்டத்தில் இணைக்கப்பட்டது. ஜார்ஜியாவின் நிழற்படப் பாடமோ, தொடக்க மானியம் முடிந்த பின்னரும் அக்கழகத்தின் சொந்தப் பாடமாகவே ஆண்டுதோறும் நடைபெற்று வந்தது. பிற கல்லூரிகளும் அதனை எடுத்து நடத்தின.