மூலக்கூறின் அச்சும் ஒளியின் சாட்சியும்



டில்லியிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவர், ஊரிலிருந்து வருவோரிடம் முதலில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் காப்பிப் பொடியாகத்தான் இருக்கும். காப்பியிலுள்ள காஃபீனுக்கு நெருங்கிய உடன்பிறப்பு ஒன்று உண்டு; தியோபிலின் என்பது அதன் பெயர். ஆஸ்துமா நோய்க்கு அது மருந்து. காஃபீன் மூலக்கூறில் மீதைல் தொகுதிகள் மூன்று, தியோபிலினில் இரண்டு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை அவ்வளவே.

இம்மருந்தைக் கொடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அளவு குறைந்தால் மூச்சுத் திணறல் அடங்காது. மிஞ்சினாலோ வலிப்பும் இருதயத் துடிப்பில் தடுமாற்றமும் உண்டாகும். ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை என்பதே மருத்துவர்கள் நெடுங்காலம் கொண்டிருந்த வரம்பு. ஆகவே இரத்தத்தைச் சோதித்து அளவறிய வேண்டும். நோயாளியோ காலையில் இரண்டு தம்ளர் காப்பி அருந்தியிருப்பார்! காஃபீனைத் தியோபிலின் என்று சோதனை கணக்கிட்டுவிட்டால் விபரீதம்.

இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் எதிர்ப்பொருள்களுக்கு உண்டு. ஆனால் அவற்றை உயிர்களிடமிருந்து பெற வேண்டும், வெப்பத்தில் கெட்டுவிடும். அந்த வேலையைப் பிளாஸ்டிக்கே செய்யும் என்று 1993-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தவர்கள், ஸ்வீடனிலுள்ள லூண்ட் பல்கலைக் கழகத்தின் கிளாஸ் மோஸ்பாக் குழுவினர். ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் 1972-லேயே இவ்வழியில் முன்னோடியாக விளங்கினார். ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு வழங்கும் நீண்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கேட்பவர் களைத்துப் போவார். நாம் ‘அச்சுப் பிளாஸ்டிக்’ என்றே வைத்துக்கொள்வோம்.

சுவாமிமலைச் சிற்பிகள் விக்கிரகம் வார்க்கும் முறையை அறிவீர்கள். மெழுகு உருவின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றினால் உள்ளே அவ்வுருவின் குழிவு நிற்கும். இங்கே மெழுகின் இடத்தில் இருப்பது தியோபிலின். அதைச் சுற்றி மெதக்ரிலிக் அமிலத்தின் மூலக்கூறுகள் பற்றிக்கொண்டு நிற்கும். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து இறுகச் செய்தபின், தக்க திரவத்தால் மருந்தைக் கழுவி எடுத்துவிடுவார்கள். எஞ்சும் குழிக்குள் தியோபிலின் மீண்டும் வந்தால் பொருந்தும். காஃபீன் வந்தால், மிகையான அந்த ஒரு மீதைல் தொகுதி குறுக்கே நிற்கும். 1993-இல் இம்முறையால் கண்ட அளவுகள், மருத்துவச் சோதனைச் சாலைகளில் அப்போது வழக்கிலிருந்த எதிர்ப்பொருள் முறையின் அளவுகளோடு ஒத்திருந்தன.

ஆனால் குழிக்குள் விருந்தாளி வந்துவிட்டதை வெளியே இருப்பவர் எப்படி அறிவது? அந்தச் சோதனையில் கதிரியக்கப் பொருளைக் கொண்டு கணக்கெடுத்தார்கள். அதை வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ள இயலாது. 1995-இல் அதே குழுவினர், தன்மீது படும் ஒளியை வாங்கித் தானும் ஒளிரக்கூடிய ஓர் அமினோ அமில வகையை எடுத்துக்கொண்டனர். அதற்கென வார்த்த பிளாஸ்டிக் துகள்களைக் கண்ணாடி ஒளியிழையின் முனையில் வைத்தனர். பொருள் வந்து குழியில் அமர அமர, இழைவழியே திரும்பும் ஒளி மிகுந்தது. இடக்கை வலக்கைபோல் மாறிய அதன் இணைப்பொருளுக்கு அவ்வளவு ஒளி கிட்டவில்லை.

எல்லாப் பொருளும் தானே ஒளிர்வதில்லையே! அப்போது ஒளிரும் உறுப்பைப் பிளாஸ்டிக்கிலேயே வைத்துவிடலாம். சோமன் என்றொரு நச்சுப்பொருள் உண்டு. நம் காதுக்குச் சந்திரனின் பெயர்போல் இனிக்கும், நரம்புகளையோ முடக்கிக் கொல்லும். அது நீரில் சிதைந்து தரும் பொருளைக் கண்டறிய, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தார் 1990-களில் யூரோப்பியம் என்னும் உலோகத்தைக் குழிக்குள் பதித்தனர். பொருள் வந்து பற்றியதும் யூரோப்பியத்தின் நிறமாலையில் ஒரு தனிக் கோடு தோன்றும்.

குறைகளும் உண்டு. குழிகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. தண்ணீர் மிகுந்த இடத்தில் பிடிப்பும் தளரும். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: எத்தனை கழுவினாலும் அச்சுப்பொருளில் சிறிது உள்ளே தங்கிப் பிறகு மெல்லக் கசிகிறது. மருந்தே அருந்தாதவரின் இரத்தத்திலும் மருந்து உண்டு என்று கருவி சொல்லிவிடக் கூடும். இதனால் சிலர், வேண்டிய பொருளை விட்டு, அதனைப் பெரிதும் ஒத்த வேறொன்றையே அச்சாக வைத்து வார்க்கிறார்கள். கசிவது அந்த மாற்றுப் பொருளாகையால், பின்னர் செய்யும் பகுப்பில் அதைத் தனியே பிரித்துவிட முடிகிறது.