நாட்டின் முகமும் காணி உறுதியும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெண்களுக்கு நீதி செய்கிறோம் என்று ஒரு நாடு காட்டிக்கொள்வது ஒன்று, செய்வது இன்னொன்று. இரண்டையும் பிரித்து அளப்பது எப்படி என்பதைப் பற்றியே பேச வந்தோம்.

காட்டுவதில் இலங்கை முந்திக்கொண்டது. 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வாக்குரிமை வந்தது. (தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகள் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.) ஆனால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் அந்தத் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. எங்கள் பாட்டிமாருக்கு 1934 இடைத்தேர்தல் வரை அது சட்டத்தில் மட்டும் இருந்த உரிமை.

1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் எங்கள் நாட்டில் பதவியேற்றார். உலகப் பொருளாதார மன்றம் 2006இல் பால்நிலை இடைவெளிச் சுட்டெண்ணை முதன்முதலில் வெளியிட்டபோது இலங்கைக்கு 13ஆவது இடம். 2024இல் 122ஆவது இடம். இடையில் அப்படி என்ன நடந்தது? பெண்கள் கல்வியில் பின்தங்கவில்லை. பெரிய காரணமொன்று கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது. கடந்த 50 ஆண்டுகளில் தலைமைப் பதவியில் ஒரு பெண் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதற்கு அந்தச் சுட்டெண் புள்ளி கொடுக்கிறது. ஸ்ரீமாவோ அம்மையாரின் ஆண்டுகள் அந்த 50க்கு வெளியே போகப்போக எங்கள் புள்ளியும் இறங்கியது. 13ஆம் இடத்தில் நின்ற அந்த நாளிலும் பாராளுமன்றத்தில் பெண்கள் நூற்றுக்கு ஆறுபேர் கூட இல்லை! ஒரு குடும்பத்துத் தாயும் மகளும் ஆண்ட ஆண்டுகளை நாங்கள் எல்லோரும் முன்னேறிய ஆண்டுகளாக எண்ணிக்கொண்டார்கள்.

உள்ளூராட்சி சபைகளில் 25 வீத ஒதுக்கீட்டை நாங்கள் வேறாக மதிக்கிறோம். 2018 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை இரண்டு வீதமளவில் இருந்த பெண்கள் 20 வீதத்தைத் தாண்டினார்கள். அது கதிரையில் உட்கார்ந்த ஆட்களின் கணக்கு.

இனி எங்கள் வீட்டு விடயம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது 1911ஆம் ஆண்டுச் சட்டம். பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்று உறுதிப்படுத்தியபோதும் அந்த வரி அசையவில்லை. போருக்குப் பின் கணவர் எங்கே என்று தெரியாமல் நின்ற பெண்கள் யாரிடம் கையொப்பம் வாங்குவது? நீதிமன்றம் போகலாம் என்கிறது சட்டம். வழக்குச் செலவுக்கே காணியை விற்கவேண்டிய நிலையில் இருப்பவளுக்கு அது என்ன வழி?

ஆகவே நாட்டை அளக்க நாங்கள் வைக்கும் கேள்வி சின்னது: நொத்தாரிசின் மேசையில் ஒரு பெண்ணின் கையொப்பம் தனியே செல்லுமா?

இதைச் சங்கத்திலிருந்தே தொடங்குவோம். இவ்வாண்டு அங்கத்துவப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். உங்கள் பெயரில் காணியோ வீடோ உண்டா? அதை விற்க இன்னொருவர் கையொப்பம் வேண்டுமா? ரொறன்ரோவில் இருப்பவர்களும் சிட்னியில் இருப்பவர்களும், ஊரில் காணியிருந்தால், கட்டாயம் நிரப்புங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கை வாசிப்போம்.