எத்தனை மணிக்கு வந்து சேருவே?

(பட்டிமன்றத் தலைப்பு: தூரத்தை அளப்பது கிலோமீட்டரே! நேரமே! - ‘நேரமே’ அணியில் பேசியது)

மாண்புமிகு நடுவர் அவர்களே! நாமக்கல், ராசிபுரம், ஓமலூர் என்று பஸ் பிடித்து இந்தச் சேலத்துக்கு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணிப் பேராசிரியர் வரைபடத்தை விரித்து, “திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இதை எவராலும் மாற்ற முடியாது” என்று முழங்கினார். மாத்த வேண்டாங்க! அது பாட்டுக்கு இருக்கட்டும். (சிரிப்பு)

நம் முன்னோர்கள் தூரத்தை எப்படிச் சொன்னார்கள்? ‘நாழிகை வழி’ என்றார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அதற்குள் நடந்து கடக்கிற தூரம் நாழிகை வழி. நேரத்தின் பெயரையே தூரத்துக்கு வைத்த மொழி ஐயா நம் மொழி! (கைதட்டல்)

உள்ளூர்க் கணக்குக்கு வருவோம். காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னை, நேர்கோட்டில் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். இங்கே வருகிற ஏடிஆர் விமானம் வானத்தில் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் போகும். அப்படியானால் அரை மணி நேரத்தில் போயிடணுமே? ஏறத்தாழ ஒரு மணி ஆகிறது. ஓடுபாதைக்கு உருண்டு போகணும், மேலே ஏறணும், இறங்க முறை வரணும். இதெல்லாம் கிலோமீட்டரில் தெரியாது, நேரத்தில்தான் தெரியும்.

2018 மார்ச்சில் இங்கே விமானம் வந்தது. 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. நடுவில் நின்ற காலத்தில் அந்த 265 கிலோமீட்டரில் ஓர் அங்குலமாவது கூடியதா? இல்லை! ஆனால் சேலத்துக்காரனுக்குச் சென்னை மறுபடியும் ஒரு ராத்திரி தூரம் ஆகிப்போச்சே! (பலத்த கைதட்டல்)

“கடிகாரம் பொய் சொல்லும்” என்றார் அம்மையார். உண்மைதான். சிங்கப்பூரில் காலை 9 மணிக்குக் கிளம்பினால் திருச்சியில் 10.45-க்கு இறங்கலாம். ஒண்ணே முக்கால் மணி நேரமா? இல்லை, நாலே கால் மணி! அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பொய் சொன்னது கடிகாரம், நேரமல்ல.

நடுவர் அவர்களே, சிரித்தது போதும். எங்கள் நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் காலமானார். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. போனில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தனை மணிக்குங்க எடுக்கறீங்க? நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க.”

பறக்கிற நேரம் நாலே கால்தான். டிக்கெட் கிடைக்கணும். மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் நிற்கணும். திருச்சியில் குடியுரிமைச் சோதனை வரிசை. அப்புறம் நாமக்கல்லுக்கு 90 கிலோமீட்டர் சாலை. வாசலில் ஐஸ் பெட்டி. பங்காளிகள் சாயங்கால வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். அந்தத் தாய் கேட்டது, “எம்மவன் எத்தனை கிலோமீட்டர்ல இருக்கான்?” என்றா? “எத்தனை மணிக்கு வந்து சேருவான்?” என்றுதானே!

வந்து சேர்ந்தான். கொள்ளி வைத்தான். பொழுது இறங்க அரை மணி இருந்தது. அந்த 3,000 கிலோமீட்டரை அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அந்த அரை மணியை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, தூரத்தை அளப்பது நேரமே, நேரமே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)