இடைவேளையும் தின்பண்டமும்

இந்தத் தலைமை இருக்கையில் முன்பு அமர்ந்தவர்களை எண்ணினால் பெருமையோடு சிறிது நடுக்கமும் வருகிறது. வகுப்பறை நடத்தைச் சிக்கல்கள் என்னும் பொதுப்பொருளின் பரப்பை வரவிருக்கும் அமர்வுகள் அளந்து காட்டும். நான் ஒரு பழைய வழக்கை மட்டும் மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கடினமான பாடத்தை வைத்ததும் குழந்தை தன் கையைக் கடித்துக்கொள்கிறது, பாடம் விலகுகிறது, கடிக்கும் பழக்கம் வலுக்கிறது. எட்வர்ட் கார் குழுவினர் 1976, 1980 ஆண்டுகளில் காட்டிய இதுபோன்ற தப்பிப்பு நடத்தையையும், ஐவாட்டா குழுவினர் 1982இல் நடத்தையின் காரணத்தைக் கண்டறிய வகுத்த பகுப்பாய்வையும் இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அவற்றிலிருந்து நாம் ஒரு விதியைச் செய்துகொண்டோம்: தப்பிக்கவே கடிக்கிறது என்றால், வேலை முடிந்ததும் இடைவேளை கொடு, கடித்தால் மட்டும் பாடத்தை விலக்காதே. விதி கச்சிதமானது. ஆனால் 1999இல் ஜோசப் லாலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதன் இரண்டு கால்களையும் ஆட்டுகிறது. தப்பிப்பதற்காகவே சிக்கல் நடத்தை காட்டிய ஐவரிடம், சொன்னதைச் செய்தால் தின்பண்டம் தருவதையும் இடைவேளை தருவதையும் ஒப்பிட்டார்கள். ஐவருமே தின்பண்டம் கிடைத்தபோதுதான் கூடுதலாக ஒத்துழைத்தார்கள். சிக்கல் நடத்தையும் அப்போதுதான் குறைவாக இருந்தது. தப்பிக்கும் வழியை அடைக்காதபோதும், அதாவது சிக்கல் நடத்தைக்குப் பாடத்தை விலக்கியபோதும், அந்தப் பலன் கிடைத்தது என்பதே முக்கியம். வழியை அடைப்பது சொல்லுக்கு எளிது. வளர்ந்த பிள்ளை திமிறும்போது தனி ஆசிரியரால் அந்த அடைப்பைக் காக்க முடியாது. ஒருநாள் விட்டுக்கொடுத்தால், விட்டு விட்டுக் கிடைக்கும் அந்த வலுவூட்டலே நடத்தையை இன்னும் வேரூன்றச் செய்யும்.

இது லஞ்சம் என்பார்கள். லஞ்சம் அழுகையை அடக்க அழுகைக்கு நடுவே தரப்படுவது. இது செய்த வேலைக்குக் கூலி. இன்னொரு மறுப்பு கனமானது. டிலியோன் குழுவினர் 2001இல் ஆய்ந்த சிறுமி முதலில் தின்பண்டத்தைத் தேர்ந்தாள். வேலையின் அளவு கூடியதும் இடைவேளைக்கு மாறினாள். நண்பர்கள் சிலர் இதை லாலியின் தோல்வியாகப் படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. சுமை ஏறினால் ஓய்வின் விலை ஏறுகிறது, அவ்வளவுதான். எது வலுவூட்டும் என்பதை நடத்தைக்கு நாம் ஒட்டிய பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை, வேலையின் பாரமும் தீர்மானிக்கிறது. ஒன்றைத் தருவது நேர்மறை வலுவூட்டல், ஒன்றை விலக்குவது எதிர்மறை வலுவூட்டல் என்ற பிரிவே தேவையா என்று ஜாக் மைக்கேல் 1975இல் எழுப்பிய கேள்வியைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்கிய மூத்தோர், மதிப்போடு சொல்கிறேன், அதை இன்னொருமுறை படிக்கலாம். தின்பண்டம் ஓய்வை வென்றதா, அல்லது பாடத்தின் கசப்பையே குறைத்ததா என்பதை அந்தப் பிரிவை வைத்துக்கொண்டு நம்மால் சொல்ல முடியவில்லையே!

ஆகவே என் வாதம் இது: ஒத்துழைப்புக்கு வெகுமதி முதலில், சுமையைச் சிறிதுசிறிதாகக் கூட்டுவதும் ஓய்வைத் தேர்ந்துகொள்ள விடுவதும் அடுத்து, வழியை அடைப்பது கடைசியில். கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். நடத்தை குறைந்த வரைபடத்தைக் காட்டும்போது, குழந்தையின் முன் வைத்த பாடம் எது, அதில் எத்தனை கணக்கு, அவை எவ்வளவு கடினம் என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாமல் வரைபடத்தில் பாதிதான் படிக்க முடியும். அமர்வைத் தொடங்கலாம்.