வேற்றுநாட்டு வாழ்வும் தாய்நாட்டு ஊழியமும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேற்று நாட்டில் வாழ்ந்துகொண்டே நம் நாட்டு முதலாளிக்கு உழைத்தல் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இது கணிப்பொறி பிறந்தபின் வந்த புதுமை என்பர் பலர். கம்பம் பள்ளத்தாக்கினராகிய நமக்கு இது புதிதன்று. பெரியாற்றணை 1895-ல் முடிவுற்ற நாள்தொட்டு, நம் அரசின் ஊழியர் மலைக்கப்பால் வேற்றாட்சிக்குட்பட்ட மண்ணிலிருந்து நமக்காகப் பணிபுரிந்து வருகின்றனர். அன்று அது திருவிதாங்கூர், இன்று கேரளம். இருக்கும் மண் அவர்களுடையது. வேலையும் ஊதியமும் நம்முடையன.

இவ்வேற்பாடு வாய்ச்சொல்லை நம்பி நிற்கவில்லை. 1886 அக்டோபர் 29-ல் 999 ஆண்டுகளுக்குக் குத்தகைப் பத்திரம் எழுதப்பெற்றது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை ரூ. 5, 1970-ல் அது ரூ. 30 ஆயிற்று. மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்கென்றுகூட அப்பொழுது எழுதினர். அத்தனை எழுதியும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஒன்றும் எழுதாமற் செல்வோர் நிலை யாதாகும்?

என்னிடம் தமிழ் பயின்ற சின்னமனூர் இளைஞரொருவர் சென்னைக் கம்பெனியொன்றில் அலுவல் பார்ப்பவர். மனைவிக்குச் சிங்கப்பூரில் உத்தியோகம் கிடைக்கவே உடன் சென்றார். தம் வேலையை விடவில்லை. ‘அங்கிருந்தே செய்க’ என்று மேலதிகாரி தொலைபேசியிற் சொன்னதே அவர்க்கிருந்த சாசனம். சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு 2½ மணி முந்தியது. சென்னையிற் காலை 10 மணிக்குத் தொடங்கும் அலுவல் அவர்க்கு நண்பகல் 12-30-க்குத் தொடங்கி இரவு 9-30-க்கு முடியும். குழந்தை உறங்கிய பின்னரே தந்தை எழுவார். இது பொறுக்கத்தக்கதே. பொறுக்கலாகாதது வரி.

முதலாளி எங்கிருப்பினும், உழைப்பவன் அமர்ந்து வேலைசெய்யும் நாடே அவ்வூதியத்துக்கு வரி கேட்பது பெருவழக்கு. நம் சட்டமோ, ஏப்ரல் முதல் மார்ச்சு வரையில் 182 நாள் ஈண்டிருந்தவரை இந்நாட்டு வாசியாகக் கொண்டு, உலகெங்கும் ஈட்டியதற்கு வரி கேட்கும். வேறு கணக்குகளும் உண்டு. வாசியல்லாதவரும் சம்பளத்தை இந்நாட்டு வங்கியிலே பெறுவாராயின், பெற்ற இடம்பற்றி வழக்கு எழக்கூடும். இவரோ, பெற்றோர் செலவுக்கென்று சம்பளத்தைச் சின்னமனூர்க் கணக்கிலேயே சேரச் செய்திருந்தார்! இரண்டு அரசுகளும் கைநீட்டின. 1994-ல் இரு நாடுகளுக்கும் ஏற்பட்ட இரட்டை வரி விலக்கு உடன்படிக்கை துணைசெய்யும். ஆயினும் அந்நாட்டு வரிவாசி என்னும் சான்றிதழ் காட்டல் வேண்டும். அது வருமளவும் கம்பெனி மாதந்தோறும் வரி பிடித்தது. தந்தையாரின் கண் அறுவைக்கென எண்ணியிருந்த பணம் ஓராண்டு அரசிடம் கிடந்தது.

ஆதலின் இளைஞர்காள், சுற்றுலா அனுமதியில் வேலைசெய்யலாமா என்று புறப்படுமுன்னரே அந்நாட்டுத் தூதரகத்திற் கேளுங்கள். பல நாடுகளில் ஆகாது. சேமிப்புக் கணக்கை அயல்வாழ் இந்தியர்க்குரிய என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள். கம்பெனியார் எழுதித்தரத் தயங்குவதும் காரணமின்றியன்று. ஊழியர் அங்கிருத்தலால் தமக்கே ஆங்குத் தொழிலகம் உண்டென்று அவ்வரசு வரி விதிக்குமோ என அஞ்சுவர். அவ்வச்சத்தை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, எது யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். மறுப்பாராயின், சென்ற ஊரிலேயே வேறு வேலை தேடுதல் நலம் என்பது என் கருத்து.

சின்னமனூர் இளைஞர்க்கு அவ்வெழுத்துச் சென்ற தைத் திங்களில் வந்தது. ஒரு தாளுக்கு மேற்பட்டதன்று.